அகிளானும் முக்குளிப்பானும்: வாசகர் கேள்விகள்

மாரி தொடங்கினால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி எலியைப் பற்றி, பாதி குளத்துப் பறவையைப் பற்றி. இந்த முறை வயலில் வளை தோண்டும் எலியான அகிளானையும், குளத்தில் முங்கி எழும்பும் பறவையான முக்குளிப்பானையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்.

அகிளானையும் முக்குளிப்பானையும் ஒப்பிட்டு எழுத மகளுக்கு வீட்டுப்பாடம். என்ன எழுதலாம்? (அளவெட்டி)

நல்ல சோடி. இரண்டுமே ஆளைக் கண்டதும் மறைந்துவிடும், ஒன்று மண்ணுக்குள், மற்றது தண்ணீருக்குள். அகிளான் முன்கால் நகத்தாலும் வெட்டுப்பல்லாலும் தோண்டும். எவ்வளவு தேய்ந்தாலும் அந்தப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முக்குளிப்பானுக்குக் கால் வாலோடு ஒட்டினாற்போல் பின்னால் இருக்கிறது. நீந்தத் தோது, நடக்கத்தான் தடுமாறும். தாராவுக்கு இருப்பதுபோல் விரலிடைச் சவ்வு கிடையாது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடல்.

எனக்குப் பிடித்தது குஞ்சுகளின் கதை. இரண்டுக்கும் ஏறக்குறைய 3 கிழமைதான், ஒன்று வயிற்றில், மற்றது முட்டையில். அகிளான் குட்டி மயிரில்லாமல் கண் மூடியபடி பிறக்கும். முக்குளிப்பான் குஞ்சோ பொரித்த கையோடு தாயின் முதுகில் ஏறிவிடும். கோடு போட்ட சின்னத் தலை மட்டும் இறகுக்கு நடுவில் எட்டிப் பார்க்கும். கூட்டை விட்டு இறங்கும்போது தாய் ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பார்த்தால் மிதக்கும் குப்பை என்றே நினைப்பீர்கள். குளம் துப்புரவாக்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

முங்கின பறவையைக் காணவில்லை. சேற்றுக்குள் வளை வைத்திருக்குமா?

இல்லை. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் வேறோர் இடத்தில் எழும்பிவிடும். நீங்கள் பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நெற்கதிரை அறுப்பது எது? (சங்கானை)

அகிளான்தான். வரம்பில் புதுமண் குவிந்து, வளைவாசல் தளர்மண்ணால் அடைபட்டிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. அறுத்த கதிரையும் அங்கேதான் சேர்த்து வைத்திருக்கும். முக்குளிப்பானுக்குப் பூச்சியும் சிறுமீனும் போதும். சரி, நஞ்சு வைக்கலாமா? எனக்கு விருப்பமில்லை. நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கிற சாக்குருவி என்கிற ஆந்தையும் சேர்ந்து செத்துப்போகும். அது குந்துவதற்கு வரம்போரம் ஒரு கம்பு நட்டு விடுங்கள், இரவெல்லாம் எலி பிடிக்கும்.

எலிக்காய்ச்சல் குளத்துப் பறவையாலும் வருமா?

பறவையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் படும்போதுதான் அது பெரும்பாலும் தொற்றுகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களே போயின. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து கேளுங்கள். பிறகு காய்ச்சலோ கெண்டைக்கால் உளைவோ வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் நின்றதை முதலில் சொல்லுங்கள்.