முதல் சீனியர் - ஒரு கடிதம்

அண்ணா வணக்கம், என் பேரு போடாதீங்க ப்ளீஸ். ஆரணி பக்கம் கிராமம், அப்பா பட்டு நெசவு. எங்க வீட்ல, ஏன் எங்க தெருவுலயே நான்தான் முதல் வக்கீல். இந்த வருஷம் லா முடிச்சேன். சென்னைல ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறேன், எல்லாரும் "வந்து கத்துக்கம்மா"ன்றாங்க, சம்பளத்த பத்தி வாயே திறக்கறதில்ல. ஹாஸ்டல் வாடகைக்கு இன்னும் அப்பாகிட்டதான் கேக்கறேன். பேசாம ஊருக்கே போய் ஆரணி கோர்ட்ல சேந்துடவா? போனா தோத்துட்டு வந்துட்டான்னு பேசுவாங்களே?

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேசட்டும், நீங்க ஊருக்குப் போங்க. காரணத்த சொல்றேன்.

ஹைகோர்ட் பக்கத்துல வக்கீல் ஆபீஸா இருக்கற தம்புச் செட்டி தெருவுல ஒரு பெரிய ஆபீஸ்ல சேர்றீங்கன்னு வைங்க, முதல் ரெண்டு வருஷம் பெரும்பாலும் என்ன வேலைன்னா ஃபைலிங், குறை இருக்குன்னு கோர்ட் திருப்பி அனுப்பின பேப்பர சரி பண்ணி திரும்ப போடறது, சீனியர் வேற கோர்ட்ல இருந்தா கேஸ கொஞ்ச நேரம் கழிச்சு எடுங்கன்னு (பாஸ் ஓவர்) கேக்கறது, வாய்தா வாங்கறது. இதெல்லாம் தேவையான வேலைதான், ஆனா ஒரு சாட்சி கூண்டுல ஏறி பொய் சொல்றப்ப அத எப்படி பிடிக்கறதுன்னு நீங்க பாக்கவே மாட்டீங்க. முன்சீப், மாஜிஸ்ட்ரேட் மாதிரி கீழ்கோர்ட்ல அது தினம் நடக்கும். பாகப்பிரிவினை, செக் கேஸ், ஜீவனாம்சம்னு வரும், பிராது, அதாவது வழக்கு மனு, நீங்களே எழுதணும், ஆவணத்த சாட்சியமா நம்பர் போட்டு சேக்கறத பக்கத்துல நின்னு பாப்பீங்க, குறுக்கு விசாரணைக்கு கேள்வி தயார் பண்ணுவீங்க. அப்பீல் வக்கீலா ஆகணும்னாலும் கீழ்கோர்ட் கேஸ் கட்ட படிக்கறப்ப அந்த அனுபவம்தான் கை கொடுக்கும்.

சம்பளம். 2024 ஜூன்ல சென்னை ஹைகோர்ட் சொன்னது, ஜூனியருக்கு மாசம் சென்னை மதுரை கோவைல 20,000, மத்த மாவட்டத்துல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு. ஆணும் பெண்ணும்னு வித்தியாசம் காட்டக்கூடாதுன்னும் சொல்லிருக்காங்க. நடைமுறைல பல ஆபீஸ்ல இது இல்ல, எனக்கு இதுல ரொம்ப கோவம் உண்டு, ஏன்னா சும்மா வந்து கத்துக்கன்னா அப்பா காசுல ரெண்டு மூணு வருஷம் ஓட்ட முடிஞ்சவங்க மட்டும்தான் இந்த தொழில்ல நிப்பாங்க, நெசவு வீட்டு பொண்ணு வெளிய போயிடும். அதனால முதல் நாளே மரியாதையா, நேரா கேளுங்க, "சார் மாசம் எவ்ளோ தருவீங்க, எந்த தேதில"ன்னு. கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. கேட்டதுக்கே முகம் மாறுற சீனியர்கிட்ட சேர வேணாம்.

சீனியர எப்படி தேர்ந்தெடுக்கறதுன்னா, சேர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சும்மா கோர்ட்ல போய் உக்காருங்க. யாரு தானே விசாரணை நடத்தறாங்க, யாரு ஜூனியர எழுந்து பேச விடறாங்கன்னு தெரிஞ்சிடும். குமாஸ்தாக்கள்ட்ட விசாரிங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். முக்கியமா அந்த ஆபீஸ்ல முன்னாடி பெண் ஜூனியர் இருந்தாங்களான்னு பாருங்க, எவ்ளோ நாள் இருந்தாங்க, ஏன் போனாங்கன்னு அந்த பொண்ணுங்ககிட்டயே கேளுங்க.

திருவண்ணாமலைல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு இல்லயா, அங்க ஏழைங்களுக்கு கிரிமினல் கேஸ் நடத்த முழு நேர வக்கீல்கள எடுக்கறாங்க, உதவி வக்கீல் இடத்துக்கு 3 வருஷத்துக்குள்ள பிராக்டிஸ் இருக்கறவங்களே போடலாம், மாசா மாசம் பணம் வரும். அறிவிப்பு வருதான்னு பாத்துட்டே இருங்க.

இன்னொன்னு, ஜட்ஜ் ஆகற எண்ணம் துளி இருந்தாலும் இத கவனிங்க. சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு 3 வருஷ பிராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் திரும்ப கொண்டு வந்துடுச்சு. அந்த கணக்கு தற்காலிக என்ரோல்மென்ட், அதாவது பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு பண்ற தேதிலேந்து ஓடும், அதுக்கு அப்புறம் எழுதற ஆல் இந்தியா பார் பரீட்சை பாஸ் பண்ற வரைக்கும் காத்திருக்க தேவையில்ல. ஆனா 10 வருஷம் பிராக்டிஸ் உள்ள வக்கீல் சான்று குடுக்கணும், அதுல நீதித்துறை அதிகாரி மேலொப்பம் வேற போடணும், அதனால கட்சிக்காரர் வக்கீல நியமிக்கற வக்காலத்துல உங்க பேரும் இருக்கட்டும், நீங்க ஆஜரான தேதிய டைரில எழுதி வைங்க. என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி எஸ்டிக்கு 125, அதுக்கு மேல பார் கவுன்சில் வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலைலயே தீர்ப்பு வந்தாச்சு. இன்னும் பண்ணலன்னா இந்த மாசமே பண்ணிடுங்க.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

அன்புடன்,
அண்ணன்