வூண்ட் மெடலும் வெலிங்டன் ரெக்கார்ட்ஸும்: கேள்வி பதில்

நீலகிரியில் வசிக்கும் முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் பதக்கப் பதிவுகளைத் திருத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. தொடங்குமுன் இரண்டு விஷயம். ஆர்மி நம்பரையோ பென்ஷன் நம்பரையோ இங்கே எழுதாதீர்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கை (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் சேவைப் பதிவுப் புத்தகம்) எந்த அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பாதீர்கள்.

கோத்தகிரி: மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தேன். 1999ல் கார்கில் பக்கம் ஷெல் துண்டு பாய்ந்து தொடையில் காயம். டிஸ்சார்ஜ் புக்கில் ஆப் (ஆபரேஷன்) விஜய் ஸ்டார் ஏறியிருக்கிறது, வூண்ட் மெடல் இல்லை. யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது?

உங்களுக்கு வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ், அதாவது ஆவண அலுவலகம்தான். ஆனால் "எனக்கு மெடல் கொடுங்கள்" என்று எழுதினால் அந்தக் கடிதம் ஃபைலில் உறங்கிவிடும். பராக்ரம் பதக் என்னும் வூண்ட் மெடல், எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம் பட்டவருக்கு உரியது. அப்படிக் காயம் பட்டது பதிவில் இருக்கிறதா என்பதை மட்டுமே கிளார்க் பார்ப்பார். ஆகவே கேட்க வேண்டியது பதிவுத் திருத்தம். பதிவு சரியானால் மெடலுக்கு வழி திறக்கும்.

முதலில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று பாருங்கள். காயம் பட்டதும் யூனிட் கேஷுவாலிட்டி ரிப்போர்ட் (காயம் பற்றிய அறிக்கை) அனுப்பும். அதை வைத்துப் பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பதிவில் ஏற்றுவதற்கான உத்தரவு) வெளியாகும். ரெக்கார்ட்ஸ் அதை ஷீட் ரோலில் (வீரரின் சேவைப் பதிவேடு) ஏற்றும். கடைசியில் டிஸ்சார்ஜ் புக்குக்கு வரும். பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது எழுத்துப் பிழை, எளிதில் தீரும். பார்ட் டூ ஆர்டரே வெளியாகவில்லை என்றால் ரெக்கார்ட்ஸ் உங்கள் பட்டாலியனைக் கேட்க வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'ஆக்சிடென்டல்' என்ற சொல் விழுந்திருந்தால்தான் உண்மையான போராட்டம்.

இதைத் தெரிந்துகொள்ள, திருத்தம் கேட்கும் முன்பே ஷீட் ரோலின் சான்றளித்த நகலையும், காயம் குறித்த பார்ட் டூ ஆர்டரின் எண், தேதியையும், மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகலையும் கேளுங்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் "ஏன் மெடல் தரவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தின்படி, ஏற்கெனவே இருக்கும் காகிதம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது.

நகல் வந்த பிறகு மனு. இரண்டு பக்கம் போதும். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள அதே எழுத்தில் பெயர், ரேங்க், நம்பர். அன்றைய பட்டாலியன், கம்பெனி. ஆபரேஷனின் பெயர், இடம், தேதி. எந்த உறுப்பு, இடதா வலதா. எந்த ஃபீல்டு ஆஸ்பத்திரி, அங்கிருந்து எந்த பேஸ் ஆஸ்பத்திரி, சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி. பேட்டில் கேஷுவாலிட்டி என்பது போர்ச் செயல்பாட்டில் நேர்ந்த பாதிப்பு. பிறகு ஒரே வரியில் கோரிக்கை: "மேற்படி காயத்தை பேட்டில் கேஷுவாலிட்டியாகப் பதிவு செய்து, அதன் அடிப்படையில் வூண்ட் மெடலுக்குப் பரிசீலிக்க வேண்டுகிறேன்." உடன் இருந்தவர்களின் சாட்சியம் துணைக்குத்தான். அன்றைய கம்பெனி கமாண்டர் அல்லது பிளட்டூன் ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) எழுதித் தந்தால் எடை கூடும். அவர் அதே காலத்தில் அதே யூனிட்டில் இருந்ததைக் காட்டும் நகலும் வேண்டும்.

வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். காயம் பட்ட தேதிக்குப் பதில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதியை எழுதுவார்கள், பதிவோடு ஒத்துப்போகாது. ஆதாரில் தந்தை பெயர் முன்னால், டிஸ்சார்ஜ் புக்கில் இனிஷியல் பின்னால் என்று இருக்கும், பெயர்ச் சிக்கலிலேயே ஒரு வருடம் போய்விடும். ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நகல் ஒன்று ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு.

அருவங்காடு: நான் மெட்ராஸ் சாப்பர். வெலிங்டனில் போய்க் கேட்டால் உங்கள் பேரே இங்கே இல்லை என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. சாப்பர்களின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வேறு, அதன் ரெக்கார்ட்ஸ் பெங்களூரில். ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இஎம்இக்கு (இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) செகந்திராபாத், டிஎஸ்சிக்கு (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) கண்ணூர், விமானப்படைக்கு டெல்லி சுப்ரோதோ பார்க். வீடு வெலிங்டன் மதிலை ஒட்டி இருந்தாலும் காகிதம் உங்கள் கோர் (படைப்பிரிவு) எங்கேயோ அங்கேதான்.

கூடலூர்: அப்பா 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தார். சிஓ (கமாண்டிங் ஆபீசர்) வீர் சக்ராவுக்குப் பரிந்துரைத்ததாகச் சொல்வார். சங்கிராம் மெடல் மட்டும்தான் பதிவில், பூர்வி ஸ்டார் இல்லை. இப்போது வீர் சக்ரா கேட்கலாமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள் தம்பி. வீர் சக்ரா கேட்டு வாங்குவதல்ல. கமாண்டர் பரிந்துரைத்து, மேல் கமாண்டுகள் ஒவ்வொன்றாக ஏற்று, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து, அரசிதழில் வர வேண்டும். பரிந்துரை நடுவில் நின்றிருந்தால், அதைக் கொடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. 50 வருடம் கழித்து அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

பூர்வி ஸ்டார் வேறு கதை. அது கிழக்குப் போர்முனையில் இருந்தவருக்குரிய ஸ்டார். பட்டாலியன் அங்கே இருந்ததும், அந்த நாட்களில் அப்பா லீவிலோ டிப்போவிலோ இல்லாமல் பட்டாலியனோடு இருந்ததும் பதிவில் இருந்தால், விட்டுப்போன ஸ்டாரைக் கேட்பது நியாயம். டிஸ்சார்ஜ் புக்கின் பதக்கப் பக்கத்தோடு யூனிட் மாறுதல் தேதிகளையும் ஒத்துப் பாருங்கள்.

காட்டேரி: என் வீட்டுக்காரருக்கு சேனா மெடல். அவர் போன பிறகு மாதப் படி எதுவும் வரவில்லை. பேங்கில் கேட்டால் பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) இல்லை என்கிறார்கள்.

அம்மா, முதலில் அது எந்த சேனா மெடல் என்று தெரிய வேண்டும். வீரச் செயலுக்கும் தருவார்கள், சிறந்த சேவைக்கும் தருவார்கள். மாதப் படி வீரச் செயலுக்கு மட்டும். 2017 ஆகஸ்ட் 1 முதல் மாதம் 2,000 ரூபாய். அதே தேதி முதல் வீர் சக்ராவுக்கு 7,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, பரம்வீர் சக்ராவுக்கு 20,000. விருது பெற்றவர் இறந்தால் மனைவிக்குத் தொடரும். பல பதிவுகளில் வெறுமனே 'எஸ்.எம்.' என்று நின்றுவிடும், வீரச் செயல் என்பது விட்டுப்போகும். குடியரசு தினம் அல்லது சுதந்திர தினத்தை ஒட்டி வந்த அரசிதழ் அறிவிப்பில் வகை தெளிவாக இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலோடு அவருடைய ரெக்கார்ட்ஸுக்கு எழுதி, திருத்திய பிபிஓ கேளுங்கள். பேங்க் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பிபிஓவில் இல்லாததை அவர் தர முடியாது.

உதகை: மெடல்கள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன.

போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலோடு ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். இது பதிவுத் திருத்தம் அல்ல.

மஞ்சூர்: சியாச்சினில் ஃப்ராஸ்ட்பைட் (கடுங்குளிரில் உறுப்பு கெடுவது). இடது காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். பேட்டில் கேஷுவாலிட்டி என்று பதிவிலேயே இருக்கிறது. வூண்ட் மெடல் மறுத்துவிட்டார்கள். இது எப்படி நியாயம்?

மறுப்பு விதிப்படி சரி. பேட்டில் கேஷுவாலிட்டி என்பது பெரிய வட்டம். ராணுவ ஆணை 1/2003 எல்லையிலும் கட்டுப்பாட்டுக் கோட்டிலும் இயற்கைச் சீற்றத்தால் வரும் பாதிப்பையும், பருவநிலையால் வரும் நோயையும் அதில் சேர்க்கிறது. வூண்ட் மெடல் அதற்குள் சின்ன வட்டம்: எதிரியின் நேரடித் தாக்குதல்.

குன்னூர் (இடையில்): சியாச்சின் கட்டுப்பாட்டுக் கோட்டிலேயே இல்லை. அந்தக் கோடு என்ஜே 9842 என்ற புள்ளியோடு முடிகிறது. அப்படியென்றால் அவருக்கு பேட்டில் கேஷுவாலிட்டியே கிடையாது என்பீர்களா?

வரைபடம் சரி, முடிவு தவறு. மஞ்சூர்க்காரருக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அதை நாம் கிளற வேண்டியதில்லை. பென்ஷனுக்கான, பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதமும் 'ஈ' (E) பிரிவில், அரசு தனியாக அறிவிக்கும் ஆபரேஷன்களைச் சேர்த்திருக்கிறது. கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் வைத்து வாதாட முடியாது.

மஞ்சூர்: எதிரி சுடாவிட்டால் என்ன? எதிரி அங்கே நிற்பதால்தானே நாங்கள் அங்கே நின்றோம்?

உணர்ச்சி புரிகிறது. சியாச்சின் கிளேசியர் மெடல் தனியாக இருப்பதும் அதற்காகத்தான். ஆனால் 'நேரடி' என்ற சொல்லை எடுத்துவிட்டால் களத்தில் வழுக்கி விழுந்தவருக்கும் அதே மெடல் போகும். ஷெல் துண்டைச் சுமப்பவர் அதை ஏற்கமாட்டார்.

குன்னூர்: சரி, ஆப் பராக்ரமில் (2001-02 எல்லைப் படைக்குவிப்பு) நம் ஆட்களே புதைத்த கண்ணிவெடியில் கால் போனவர்? அவர் வழுக்கியா விழுந்தார்?

நல்ல கேள்வி. நம் படை புதைத்த கண்ணியானாலும், எல்லை அருகே செயல்பாட்டுப் பகுதியில் அதைப் புதைக்கும்போதோ எடுக்கும்போதோ வெடித்தால் அதே கடிதத்தின் ஈ பிரிவில் வரும். போர்க்காய பென்ஷன் அவருக்கு உறுதி. வூண்ட் மெடலுக்கு வாதிடலாம், வலுவான வாதம் அல்ல. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதலில் எந்தப் பிரிவில் பென்ஷன் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பி, சி பிரிவுகள் சாதாரண ஊனம், ஈ பிரிவு போர்க்காயம். மாதாமாதம் வரும் தொகை இரண்டுக்கும் வெகுவாக வேறுபடும். மஞ்சூர் ஐயா, உங்கள் பதிவில் பேட்டில் கேஷுவாலிட்டி இருக்கிறதே, பிபிஓவில் போர்க்காயம் என்று இருக்கிறதா? மெடல் சண்டையில் இதைப் பார்க்க மறந்தவர் நிறையப் பேர்.

மஞ்சூர்: பார்த்தேன். 'டிஸபிலிட்டி எலிமென்ட்' (ஊனத் தொகை) என்றுதான் இருக்கிறது.

அப்படியானால் உங்கள் வழக்கு அதுதான். மெடலை ஒதுக்கி வையுங்கள். பேட்டில் கேஷுவாலிட்டி பார்ட் டூ ஆர்டரின் நகல், மெடிக்கல் போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 படிவ நகல், பிபிஓ நகல் மூன்றையும் வைத்து ரெக்கார்ட்ஸுக்கு எழுதி, போர்க்காய எலிமென்டாக மாற்றிய திருத்த பிபிஓ கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகப் போகும் பென்ஷன் வழக்குகளில் பாக்கித் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்துவது உச்ச நீதிமன்றத்தின் 2008 தர்செம் சிங் தீர்ப்பிலிருந்து வரும் வழக்கம்.

கேத்தி: வூண்ட் மெடலுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் யாருக்கு எழுத வேண்டும்?

கோத்தகிரிக்குச் சொன்ன பதில்.

ஜெகதளா: வூண்ட் மெடல் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்? யாருக்கு எழுத வேண்டும்?

மனு வெள்ளைத் தாளில். மீதி கோத்தகிரிக்கும் அருவங்காட்டுக்கும் சொன்ன பதில்.

பந்தலூர்: ஒருவர் டெல்லியில் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் மெடல் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். அவர் உங்கள் டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் வைத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். கடையில் விற்கும் மாதிரி மெடலை வாங்கித் தந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பதிவு மாறியிருக்காது.

குன்னூர்: சிஆர்பிஎஃப்பில் காயம் பட்டவருக்கு?

அது உள்துறை. அவருடைய படையின் தலைமையகத்தைத்தான் கேட்க வேண்டும்.

எடப்பள்ளி: பென்ஷன் இல்லாமல் வந்தவன். ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. இத்தோடு முடிந்ததா?

முடியவில்லை, ஆனால் குறுகிவிட்டது. பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்து அழிக்க விதி இடம் தருகிறது. லாங் ரோல் (படையில் சேர்ந்தவர்களின் பேரேடு) மட்டும் நிரந்தரம். அதன் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தார்கள் என்றும் கேளுங்கள். பட்டாலியனின் வார் டைரி (போர்க்கால நாட்குறிப்பு) இன்னொரு கதவு. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2021 கொள்கைப்படி வார் டைரிகள் அதன் வரலாற்றுப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த நாளின் பதிவில் காயம் பட்டோர் பட்டியல் இருக்க வாய்ப்புண்டு. உங்களிடம் பழைய ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அதுவே இப்போது முதல் ஆதாரம், லேமினேட் செய்யாதீர்கள்.

இவற்றோடு மனு போட்டு, மறுத்து இறுதி உத்தரவு வந்தால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலே வராவிட்டால் மனு போட்டு ஆறு மாதம் காத்திருந்து, அடுத்த ஆறு மாதத்துக்குள். மனுவே போடாமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள். ஒப்புகையோடு அனுப்பச் சொன்னது அதற்குத்தான், பதில் வராதபோது மனு போட்டதற்கு அதுதான் ஆதாரம்.