கிழட்டுச் சிப்பாய்கள்: கேள்வி பதில்

கே: 75 வயதுக் கிழவரைப் படையில் சேர்ப்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

ப: ஜான் ஸ்கால்சியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' (2005) என்ற அறிவியல் புனைகதை நாவலைப் படித்திருக்கிறீர்கள். அந்தக் கிழ உடம்பா சண்டை போடுகிறது? அவருடைய டிஎன்ஏவை வைத்து வளர்த்த, பச்சைத் தோல் போர்த்திய இளம் உடலுக்கு நினைவை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் படையில் சேர்ந்தவர் பூமியில் சட்டப்படி செத்தவர். ஊர் திரும்ப முடியாது. பென்ஷன் தொல்லை இல்லை பாருங்கள்!

கே: ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் வரும் கவச உடையைப் படத்தில் காணோமே?

ப: படம் 1997, நாவல் 1959. படம் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிக் கேட்காதீர்கள். போன தடவையும் சொன்னேன்.

கே: பி.டி.எஃப். கிடைக்குமா?

ப: என்னிடம் இல்லை.

கே: வீடு திரும்பும் வீரனைப் பற்றி நல்ல நாவல்?

ப: ஜோ ஹால்டெமனின் 'தி ஃபாரெவர் வார்'. வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பியவர் எழுதியது. கதாநாயகன் மாண்டெல்லா ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்து திரும்புகிறான். அந்த வேகத்தில் காலம் மெதுவாக ஓடும். அவனுக்கு இரண்டு வருஷம்தான் ஓடியிருக்கிறது, பூமியில் கால் நூற்றாண்டுக்கு மேல். சம்பளம் வட்டியோடு குவிந்து கிடக்கிறது. அம்மாவுக்கு நுரையீரலில் கோளாறு. 70 வயதானவர்களுக்கு அரசு ஒரு மதிப்பெண் போடுகிறது, அம்மாவுக்குப் பூஜ்யம், அதனால் சிகிச்சை இல்லை. கை நிறையப் பணம் வைத்துக்கொண்டு அவன் நிற்கிறான். கடைசியில் மறுபடி படைக்கே போகிறான். இந்தப் பகுதி ரொம்பச் சோகம் என்று கதையை முதலில் வெளியிட்ட இதழின் ஆசிரியர் ஒதுக்கிவிட்டார், பின்னால் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். போர் ஒரு வழியாக முடிகிறது. அது எதனால் மூண்டது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

கே: ஹைன்லைன் நாவலில் முன்னாள் சிப்பாய்க்கு மட்டும் ஓட்டு. பாசிசம்தானே?

ப: பணியில் இருக்கும்போது சிப்பாய்க்கே ஓட்டு கிடையாது, விலகிய பிறகுதான். அது ராணுவப் பணியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை என்பார்கள்.

கே (அவரே): சும்மா சமாளிக்கிறீர்கள். நாவலில் எங்கே இருக்கிறது?

ப: சரி, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இருபதில் பத்தொன்பது பேர் சிவில் பணியாளர்கள் என்று ஹைன்லைன் பிற்பாடுதான் சொன்னார். நாவலில் நாம் பார்ப்பதெல்லாம் சிப்பாய்களைத்தான். ஆனால் பாசிசம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே யார் வேண்டுமானாலும் சேரலாம், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஓட்டில்லாதவரும் நன்றாகவே பிழைக்கிறார். கதாநாயகனின் அப்பாவே பணக்காரர்!

கே (வேறொருவர்): அந்த அப்பாவும் கடைசியில் படையில்தானே சேர்கிறார்?

ப: சேர்கிறார். மாட்டிவிட்டீர்கள்.

கே: பி.டி.எஃப்...

ப: மேலே பாருங்கள்.