ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய கோல்ஃப் மைதானம் இவ்வளவு அகலமாக இருந்தும் ஏன் கடினமானதாகக் கருதப்படுகிறது?

மரங்கள் நெருக்காத, முதலாம் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் பொதுவாகவே பரந்து கிடக்கும் அந்தப் புல்வெளியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. அங்கு பந்தைத் தொலைப்பது கடினம். ஆனால் தவறான பக்கத்தில் நிறுத்திவிடுவது மிக எளிது. அப்படி நின்றுவிட்டால், அடுத்த அடியில் குழியைக் காட்டும் கொடிக்கும் நமக்கும் நடுவே ஒரு பங்கரோ (மணல் பள்ளம்) மேடோ குறுக்கிடும்.

கொழும்பு பொரளையில், களனிவெளிப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்லும் றிஜ்வே லிங்க்ஸ் மைதானத்தில் ஆடிப் பழகிய எங்களுக்கு இது உடனே பிடிபடாது. மழையில் நனைந்த எமது நிலத்தில் பந்து விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். ஸ்கொட்லாந்தின் அந்தக் கடலோர மணல் நிலமோ இறுகியது. பந்து விழுந்த பின்னரும் நெடுந்தூரம் உருண்டு, சரிவு இழுத்த இழுப்புக்குச் சென்று 112 பங்கர்களுள் ஒன்றில் இறங்கிவிடும். முற்காலத்தில் எதிர்த்திசையிலும் ஆடப்பட்ட மைதானம் என்பதால், அவற்றுள் சில, இன்று டீயில் (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்தில்) நிற்பவரின் கண்ணுக்கே தெரிவதில்லை. 2000ஆம் ஆண்டு அங்கு நடந்த ஓபன் போட்டியில் டைகர் வூட்ஸ் நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் வென்றதை, அவருடைய நீண்ட அடிகளைவிடப் பெரிய சாதனையாகவே நான் கருதுகிறேன்.

கிரீன்களும் (கொடியுள்ள குழியைச் சூழ்ந்த குட்டைப் புல்தரைகள்) அவ்வாறே. ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். அவற்றைப் பகிரும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும் (2உம் 16உம், 3உம் 15உம் என்றவாறு). கிரீனை எட்டிய பின்னரும் கொடி வெகுதொலைவில் இருக்கக்கூடும் என்பதே இதன் உபத்திரவம்.

பலரும் அஞ்சுவது 17ஆவது குழியை. கிரீனின் முன் இடப்புறத்தில் ஓர் ஆழமான பங்கர். பின்னால் வீதியும் கல்மதிலும். 1978 ஓபனில் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடிகளில் கிரீனை எட்டியும், பட்டரால் (பந்தை உருட்டும் மட்டையால்) தட்டிய பந்து அந்தப் பங்கருக்குள் உருண்டு விழ, வெளியேற நான்கு அடிகள் செலவழித்து மொத்தம் 9 எடுத்தார். 2022 ஓபனில் வெற்றி பெற்ற கமரன் சிமித், இறுதிச் சுற்றில் அதே பங்கர் குறுக்கே நின்றபோது, அதற்கு மேலாகப் பந்தைத் தூக்கியடிக்க முயலாமல், பட்டரால் அதன் ஓரமாக வளைத்து உருட்டி, ‘பார்’ (குழிக்கு வரையறுக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை) எடுத்தார்.