‘நெக்லெக்ட்’ என்று எழுதியதால் வந்த வினை

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விடுப்பு கேட்டு மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரு வாரமாகியும் பதில் இல்லை. ‘யூ ஹேவ் நெக்லெக்டட் மை மெயில்’ என்று மறுபடியும் எழுதினேன். நீங்கள் கண்டுகொள்ளவில்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். அவரோ கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். ‘இக்னோர்’ என்று எழுதியிருக்க வேண்டுமா? இந்த மாதிரிச் சொற்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ‘இக்னோர்’ என்று எழுதியிருந்தாலும் திட்டு விழுந்திருக்கும். காரணம்தான் வேறாக இருந்திருக்கும்.

‘நெக்லெக்ட்’டுக்குள் ஒரு கடமை உட்கார்ந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்க்காமல் விட்டார் என்று பொருள். குழந்தை, உடம்பு, வீடு, வேலை இவற்றோடுதான் அது பெரும்பாலும் வரும். ஒழுகும் குழாயை ஆறு மாதமாகச் சரிசெய்யாத வீட்டுக்காரர் வீட்டை நெக்லெக்ட் செய்கிறார். நீங்கள் போய் முறையிடும்போது தலை நிமிராமல் செய்தித்தாளைப் புரட்டினால் உங்களை இக்னோர் செய்கிறார். ஆக, ‘என் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை’ என்று நீங்கள் நினைத்து எழுதியது, ‘உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்வதில்லை’ என்று அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

‘இக்னோர்’ வேறு வகைக் குற்றச்சாட்டு. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, ஆனாலும் இல்லாதது போல இருந்துவிட்டார் என்று அர்த்தம். தெரிந்தே செய்வது. பிரெஞ்சுக்காரர்களிடம் இதே சொல்லுக்கு இன்றும் ‘தெரியாமல் இருப்பது’ என்பதுதான் முதல் பொருள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தெரியாதிருப்பது, போகப் போகத் தெரியாதது போல் நடிப்பதாக மாறிவிட்டது.

நம்மூர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ‘அவன் என்னை அவாய்ட் பண்றான்’ என்று பேச்சில் சொல்லிச் சொல்லி, ‘அவாய்ட்’டை ‘இக்னோர்’ இருக்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். எதிரே வருகிறவரைப் பார்த்ததும் சந்துக்குள் திரும்பிவிடுவதுதான் அவாய்ட். நேருக்கு நேர் வந்தும் பாராமுகமாகக் கடந்து போவது இக்னோர். அதனால்தான் ‘ப்ளீஸ் அவாய்ட் மை ப்ரீவியஸ் மெயில்’ என்ற வாக்கியம் ஆங்கிலக் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். மின்னஞ்சல் என்ன கடன்காரனா, கண்டதும் ஒளிந்துகொள்ள? அங்கே ‘இக்னோர்’ போதும். அலுவலக மிடுக்கு வேண்டுமென்றால் ‘டிஸ்ரிகார்ட்’. இது தமிழின் ‘பொருட்படுத்தாமல் விடுவது’, ‘சட்டை செய்யாமல் இருப்பது’ இரண்டுக்கும் நெருக்கமானது. அறிவுரை, எச்சரிக்கை, விதி போன்றவற்றோடு நன்றாகப் பொருந்தும்.

மிச்சச் சொற்களைப் பிரித்தறிய ஒரு கல்யாணப் பத்திரிகை போதும். பத்திரிகையில் பெரிய மாமா பெயரைக் காணோம். எழுதியவர் மறந்து தொலைத்தார் என்றால் அது ‘ஓவர்லுக்’. கண் தவறிப்போயிற்று, வேறு உள்நோக்கம் இல்லை. ‘சின்னவன் பெயர் இருக்கு, என் பெயர் இல்லையா’ என்று மாமா மனம் சுருங்கினால், அவர் உணர்வது ‘ஸ்லைட்’: சின்ன அவமதிப்பு, ஆனால் முள்ளாகக் குத்தும். வேண்டுமென்றே செய்தார்களா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. மாமா வருஷக்கணக்கில் அதைப் பேசுவார். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவர் மண்டபத்துக்கு வந்து, வாசலில் நின்று ‘வாங்க’ சொல்லும் சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்ப, சம்பந்தி அவரைத் தாண்டிப் பின்னால் வருகிறவரை வரவேற்றால், அது ‘ஸ்னப்’. நாலு பேர் பார்க்க மூக்கறுப்பது. சப்பை மூக்கை ஆங்கிலத்தில் ‘ஸ்னப் நோஸ்’ என்பார்கள். இங்கேயும் மூக்கு, அங்கேயும் மூக்கு! ஸ்னப்பையும் ஃபோனையும் ஒட்டுப்போட்டு 2012இல் ஆஸ்திரேலியாவில் ‘ஃபப்பிங்’ என்றே ஒரு சொல் செய்தார்கள். எதிரில் ஆள் இருக்கும்போது கைப்பேசிக்குள் முகம் புதைத்துக்கொள்வதற்குப் பெயர்.

மாமா கோபத்தில் தாம்பூலப் பையைத் தள்ளிவிட்டால் அது ‘ஸ்பர்ன்’. கொடுப்பதை இளக்காரமாக மறுப்பது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலையே மிதிக்காவிட்டால் ‘ஷன்’. ஊரே சேர்ந்து ஒருவரை ஒதுக்கினால் ‘பாய்காட்’. அது ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் நிலப்பிரபு ஒருவரின் ஏஜெண்டாக இருந்த சார்லஸ் பாய்காட்டுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் திரண்டார்கள். அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, கடிதம் கொண்டுவரக்கூட ஆள் இல்லை. அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது.

‘ஃப்ளவுட்’ என்ற சொல்லை மனிதர்களோடு சேர்க்காதீர்கள். விதியை, சட்டத்தை, நீதிமன்ற உத்தரவை அப்பட்டமாக மீறுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக் காவலரின் கண்ணெதிரே ஹெல்மெட் இல்லாமல் போகிறவர் செய்வது அதுதான். பத்திரிகையாளர்களே இதை ‘ஃப்ளாண்ட்’டோடு குழப்பிவிடுவார்கள். அது நகையையும் பணத்தையும் பகட்டாகக் காட்டுவது, சம்பந்தமே இல்லை.

‘இன்சல்ட்’டை நாம் எல்லாவற்றுக்கும் அள்ளித் தெளிக்கிறோம். கடுமையான சொல்லோ செயலோ நேரடியாக வந்து தாக்கினால்தான் அது பொருந்தும். பதில் போடாததை இன்சல்ட் என்று எழுதினால் சண்டைக்கு நாள் குறித்த மாதிரி.

உங்கள் கதைக்கு வருவோம். நினைவூட்டும் மின்னஞ்சலில் இந்தச் சொற்களில் எதுவுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ‘ஐ அம் ஃபாலோயிங் அப் ஆன் மை லீவ் ரிக்வெஸ்ட்’ என்று எழுதி, முதல் மின்னஞ்சலின் தேதியைச் சேர்த்தால் போதும். எதையாவது குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ‘மை மெயில் மே ஹேவ் பீன் ஓவர்லுக்ட்’. ‘பார்வையிலிருந்து தவறியிருக்கலாம்’ என்கிறீர்கள். யார் தவறவிட்டார் என்ற பேச்சே அதில் இல்லை. பழைய மின்னஞ்சலுக்கு விளக்கம் சொல்லி இன்னொன்று எழுத வேண்டாம். அறைக்கே போய், ‘சார், தப்பான வார்த்தை போட்டுட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். விடுப்புக் கடிதத்தின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.