பாசஞ்சரும் இண்டென்ச்சரும்

ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். மகனின் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறோம். ‘பாசஞ்சர்’, ‘இண்டென்ச்சர்’ இரண்டுக்கும் சரியான தமிழ்ச் சொல் என்ன? “நாம் பாசஞ்சர் என்றே எழுது, அதுதான் கௌரவம்” என்கிறார் என் மாமா.

அன்புள்ள மகளே,

பயணி, ஒப்பந்தக் கூலி என்று போட்டுக்கொள், போதும். எனக்கு உன் மாமாவோடுதான் பேச்சு. கல்யாண வீடுகளில் இதையே கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் இருந்த ஒப்பந்தக் கூலிகளும் கடலில் பயணம் செய்தவர்கள்தானே? ஆனால் நம் டர்பன் இருக்கும் நேட்டாலில் கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்து வந்தவருக்கு மட்டும்தான் பாசஞ்சர் என்று பெயர். அவர்களில் நிறையப் பேர் குஜராத்தி வியாபாரிகள். 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்களோ 1,52,000-க்கும் மேல். நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இண்டென்ச்சர் என்ற சொல்லுக்குள் பல் இருக்கிறது, தெரியுமா? பல் டாக்டரை டென்டிஸ்ட் என்கிறோமே, அதே லத்தீன் வேர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே ரம்பப் பல் மாதிரி வெட்டி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்த வேண்டும். இரண்டு கைகளிலும் இருந்த பத்திரம் அது. இங்கே கரும்புத் தோட்டத்தில் கட்டு ஒரு பக்கம்தான் இறுகியது. சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் ஜெயில். இதற்கு வெட்கப்பட வேண்டியவர் கரும்பு வெட்டியவரா?

என் தாத்தா 1908-இல், 18 வயதில் வந்தார். கப்பல் பட்டியலில் அவருடைய வரியைப் போன வருஷம்தான் பார்த்தேன். ஒப்பந்த நம்பர், அப்பா பெயர், சாதி, வட ஆற்காடு ஜில்லா, ஊர். அப்புறம் அங்க அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்தவன் நான். அந்த மேடு இன்னும் என் கட்டை விரலுக்குத் தெரியும். பட்டியலை மூடிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி, உன் ஆயாவின் அப்பா பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பு. நம்பர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுது. தேடிப் பார்ப்போம்.