ஜெர்மனி மொபைல் பில்: பேசாமல் கட்டவும் வேண்டாம், பேசாமல் நிறுத்தவும் வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து டார்ட்மண்டுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மாதம் 9.99 யூரோ, ‘ஆல்நெட் ஃப்ளாட்’ என்று சொல்லி 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இருபதாம் தேதிக்கு மேல் நெட் ஓடவே இல்லை. சூரிச் போய் வந்த மாதம் பில் 83 யூரோவைத் தாண்டிவிட்டது. பேசாமல் கட்டிவிடலாமா, இல்லை வங்கியில் சொல்லி நிறுத்திவிடலாமா, விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் கேள்வியே கேட்காமல் பணம் கட்டுகிறார்கள். மொபைல் பில் தகராறு உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான சிவில் விவகாரம். பில்லை மறுத்து எழுதியதற்காக வெளிநாட்டவர் அலுவலகம் யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. நிம்மதியாக மேலே படியுங்கள்.

இப்போது பில்லைப் பிரிப்போம். நீங்கள் அனுப்பிய விவரப்படி மாதக் கட்டணம் 9.99, இணைப்புக் கட்டணம் 39.99, ‘டேட்டன்ஆட்டோமாட்டிக்’ என்ற பெயரில் 2 யூரோ வீதம் மூன்று முறை, சுவிஸ் டேட்டாவுக்கு 27.40. இந்த நான்கும் நான்கு வகை. ஒன்றைப் போல இன்னொன்றை மறுக்க முடியாது.

முதலில் அந்த ‘ஃப்ளாட்’. ஆல்நெட் ஃப்ளாட் என்றால் ஜெர்மனியின் எல்லா நெட்வொர்க்குகளுக்கும் கணக்கில்லாமல் பேசலாம் என்று பொருள். பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸும் அதில் அடங்கும். டேட்டா அதில் கணக்கில்லாமல் வராது. அதற்கு ஒரு ஜிபி அளவு தனியாக எழுதியிருப்பார்கள். ஊருக்கு நேரடியாக அழைக்கும் கால் அதில் சேராது. 0180, 0900 என்று தொடங்கும் எண்களும் சேராது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசும்வரை பிரச்சினையில்லை. நெட் மெதுவாக இருக்கிறதே என்று சாதாரண கால் போட்டால் நிமிடக் கணக்கில் ஏறும். ஜெர்மனியிலிருந்து இன்னொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்கு அழைத்தால் நிமிடத்துக்கு 19 சென்ட்டும் வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அப்படி எந்த வரம்பும் கிடையாது. விலைப்பட்டியலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

டேட்டா அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். இங்கே அதற்கு ‘ட்ரோசலுங்’ என்று பெயர். ஊரில் எஃப்யூபி என்று சொல்வோமே, அதேதான். ஆனால் இங்கே பல ஒப்பந்தங்களில் நொடிக்கு 64 கிலோபிட் வரை இறக்கிவிடுகிறார்கள். நொடிக்கு 8 கிலோபைட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடம். யாராவது 5 எம்பி போட்டோ அனுப்பினால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மேப் திறக்காது, ரயில் ஆப் திறக்காது, வங்கி ஆப் பாதியில் நின்றுவிடும். இதையும் ‘இணையம் தொடர்ந்து கிடைக்கும்’ என்று எழுதி விற்பது எனக்கு இன்றுவரை கோபம் தரும் விஷயம். வாங்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். அது தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பதையும் கேளுங்கள்.

டேட்டன்ஆட்டோமாட்டிக் என்பது இதற்கு ஒட்டுப்போட்ட மாதிரி வருவது. டேட்டா தீர்ந்ததும் உங்களைக் கேட்காமலே இன்னொரு சின்னப் பொட்டலம் சேர்ப்பார்கள், மாதத்தில் மூன்று முறை வரை. அதற்குப் பிறகும் தீர்ந்தால்தான் வேகம் குறையும். உங்கள் பில்லில் ஒவ்வொன்றும் 200 எம்பி, 2 யூரோ. அப்படியென்றால் ஒரு ஜிபி 10 யூரோ! மாதம் முழுவதுக்கும் நீங்கள் கட்டுவதே 9.99. சில ஒப்பந்தங்களில் ஆப்பிலேயே இதை அணைத்துவிடலாம், இன்றே பாருங்கள். சிலவற்றில் இது ஒப்பந்தத்தின் பகுதியாகவே இருக்கும், அணைக்க முடியாது. அப்படிப்பட்டதை யாரும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சுவிஸ் பற்றிச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் 2017 ஜூன் 15 முதல் நீங்கிவிட்டது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றும் அதில் உண்டு. சுவிட்சர்லாந்து இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே அதைச் சேர்த்துத் தருகின்றன, உங்களுடையது தரவில்லை. ஆகவே அந்த 27.40 பெரும்பாலும் சரியான தொகைதான். பொதுவாக ரோமிங் டேட்டா வரிக்கு முன் 50 யூரோவை, அதாவது வரியோடு 59.50-ஐ எட்டியதும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்கள் அதைத் தொடவில்லை. கான்ஸ்டன்ஸ், லோராக் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டாமலே போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. கப்பலிலும் விமானத்திலும் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்கும் இந்த ஐரோப்பியச் சலுகை பொருந்தாது.

இனி அந்த 39.99 இணைப்புக் கட்டணம். இதற்குத்தான் முக்கியமான ஒரு காகிதம் தேவை. 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்புச் சட்டப்படி, கையெழுத்துக்கு முன்பே உங்களிடம் ஒப்பந்தச் சுருக்கம் ஒன்றைத் தந்தாக வேண்டும். ‘ஃபெர்ட்ராக்ஸ்ட்சுசாம்மென்ஃபாஸுங்’ என்று நீளமாக இருக்கும் அதன் பெயர். ஓரிரு பக்கம்தான். நிறுவனத்தின் பெயர், டேட்டா அளவு, வேகம், எல்லாக் கட்டணமும், எத்தனை மாதம், எப்படி முடிப்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கடை பெரும்பாலும் கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட், நிறுவனத்தின் கடையே அல்ல. உங்கள் மின்னஞ்சலில் தேடுங்கள், பிடிஎஃப் ஆக வந்திருக்கலாம். அதில் இணைப்புக் கட்டணமும் டேட்டன்ஆட்டோமாட்டிக்கும் இருந்தால் கட்ட வேண்டியதுதான். இல்லையென்றால் மறுத்து எழுதுங்கள்.

அதே காகிதத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: 9.99 எத்தனை மாதத்துக்கு? முதல் 12 மாதம் ஒரு விலை, அதற்குப் பிறகு இரட்டிப்பு விலை என்று போடுவது இங்கே வழக்கம். கையில் போனும் சேர்த்து வாங்கியிருந்தால் அதன் தவணை தனி ஒப்பந்தமாக, வேறு கால அளவில் இருக்கலாம். ‘முதல் மாதம் இலவசம்’ என்று ஒரு பாதுகாப்பு ஆப்போ இன்சூரன்ஸோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து அது பில்லில் ஏறும்.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படி நடந்தது. மனைவியின் பில்லில் வாரம் 4.99 என்று ஒரு விளையாட்டுச் சந்தா. யாரோ மூன்றாம் தரப்பு நிறுவனம், பெயரே கேள்விப்பட்டதில்லை. மொபைல் நிறுவனத்துக்கு போன் செய்தால் ‘அவர்களிடமே கேளுங்கள்’ என்றார்கள். கடிதமாக எழுதியதும்தான் தொகையைத் திருப்பித் தந்தார்கள். இதைத் தடுக்க ‘ட்ரிட்டான்பீட்டர்ஷ்பெர்ரெ’ என்ற தடையைக் கேட்டு வாங்கலாம். இலவசம், கேட்டால் தந்தே ஆக வேண்டும். புதிதாக சிம் வாங்கும் எல்லோரிடமும் முதல் நாளே இதைச் செய்யச் சொல்கிறேன்.

நிறுவனம் எழுதிவைத்த நிபந்தனை எல்லாமே செல்லும் என்றும் நினைக்காதீர்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் அன்லிமிடெட் சிம்மை போனிலும் டேப்லெட்டிலும்தான் போடலாம், அறையில் மின்சாரத்தில் ஓடும் ரூட்டரில் போடக்கூடாது என்று விதி வைத்திருந்தது. அந்த விதி செல்லாது என்று கார்ல்ஸ்ரூவேயில் உள்ள உச்ச சிவில் நீதிமன்றம் 2023 மே 4 அன்று சொல்லிவிட்டது. எந்தக் கருவியில் பயன்படுத்துவது என்பது வாடிக்கையாளரின் உரிமை. விடுதி அறையில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். அதற்கு முன்பே, 2021 செப்டம்பர் 2 அன்று, ஐரோப்பிய நீதிமன்றம் வோடஃபோன் பாஸ், டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்தின் ஸ்ட்ரீம்ஆன் ஆகிய திட்டங்கள் மீது தீர்ப்பளித்தது. சில ஆப்களை மட்டும் டேட்டா கணக்கில் சேர்க்காத திட்டங்கள் அவை. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் ஒன்றில் ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்பில் பார்த்தால் சலுகை கிடையாது, இன்னொன்றில் வீடியோவின் வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டும் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்றானது. 2022 ஏப்ரலில் கட்டுப்பாட்டு ஆணையமான பூண்டெஸ்நெட்ஸாகென்டூர் அத்தகைய திட்டங்களை நிறுத்தச் சொல்லிவிட்டது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பில் வந்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். போனில் பேசியதைப் பின்னால் நிரூபிக்க முடியாது. வாடிக்கையாளர் எண், பில் எண், எந்தக் கட்டணத்தை எந்தக் காரணத்துக்காக ஏற்கவில்லை என்று தெளிவாக எழுதி, அந்தக் கட்டணத்துக்கான விவரப் பட்டியலையும் கேளுங்கள். ஜெர்மனில் எழுதுவது நல்லது. முழுப் பில்லையும் மறுக்க வேண்டாம். மாதக் கட்டணமும் சுவிஸ் தொகையும் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நியாயமாக நடக்கிறவர் என்று பின்னால் படிக்கும் யாருக்கும் தெரியும்.

பணத்தை உங்கள் கணக்கிலிருந்து அவர்களே எடுத்திருந்தால், எட்டு வாரத்துக்குள் வங்கி ஆப்பில் அதைத் திருப்பிவிட முடியும். ஆனால் அதையே முதல் வேலையாகச் செய்யாதீர்கள். முதலில் கடிதம். பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் திருப்புங்கள். திருப்பிய அன்றே ஏற்றுக்கொண்ட தொகையைப் பில் எண் போட்டு நீங்களே அனுப்பிவிடுங்கள். கடிதமே எழுதாமல் நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நினைவூட்டல் கடிதம், வசூல் நிறுவனம், கடைசியில், யார் ஒழுங்காகக் கடன் கட்டுகிறார்கள் என்று பதிந்துவைக்கும் ஷூஃபா நிறுவனத்தில் பதிவு. ஷூஃபாவில் கெட்ட பெயர் வந்தால் வாடகை வீடு கிடைப்பதே கஷ்டமாகிவிடும். நீங்கள் மறுத்து எழுதிய தொகையை, தகராறு தீராமல் அவர்கள் ஷூஃபாவுக்குக் கடன் பாக்கியாகத் தெரிவிக்கக் கூடாது. அந்த ஒரு கடிதத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. இணைப்பைத் துண்டிப்பதற்கும் குறைந்தது 100 யூரோ பாக்கி இருக்க வேண்டும், முன்கூட்டியே எழுத்தில் எச்சரிக்க வேண்டும். முறையாக மறுத்த தொகை அந்த நூறில் சேராது.

அவர்கள் மசியவில்லை என்றால் பூண்டெஸ்நெட்ஸாகென்டூரில் சமரசப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. நுகர்வோர் மையமான ஃபெர்ப்ராஉஹர்சென்ட்ராலெக்கு டார்ட்மண்டிலும் கிளை உண்டு. ஆலோசனைக்குச் சிறு கட்டணம் கேட்பார்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் மன்றம் இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாமா என்றும் மனதில் இருக்கும். இணையத்திலோ போனிலோ வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் 24 மாதம் இருந்தாக வேண்டும். ஆனால் ரத்துக் கடிதத்தை இப்போதே அனுப்பி வைத்துவிடலாம், குறைந்தபட்சக் காலம் முடிகிற நாளில் முடியும்படி. நிறுவனத்தின் இணையதளத்தில் ரத்து செய்யும் பொத்தான் 2022 ஜூலை முதல் கட்டாயம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். மறந்துவிட்டாலும், முன்போல இன்னொரு வருடம் தானாக நீளாது. 24 மாதத்துக்குப் பிறகு ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். ஒன்று மட்டும்: படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பும்போது சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. ஊரில் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் போய்விடும், அவ்வளவுதான். இங்கே பில் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் அறைத் தோழர் இன்னும் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் முதல் ஆண்டுக்கு ப்ரீபெய்டே எடுக்கட்டும். ஆல்டி, லிட்ல் கடைகளிலேயே கிடைக்கும், பாஸ்போர்ட் காட்டிப் பதிய வேண்டும். பல பேக்குகள் நான்கு வாரக் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை பணம் போகும். ஊரில் 28 நாள் பேக் பழகியவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் மாத விலையோடு ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் ஒப்பந்தச் சுருக்கத்தைத் தேடி எடுங்கள். அது கிடைக்கவே இல்லை என்றால் அதையும் கடிதத்தில் எழுத வேண்டும். நிறுவனத்தின் பதில் புரியாத ஜெர்மனில் வந்தால், பெயரையும் வாடிக்கையாளர் எண்ணையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.